வளவுத் தேனீப் பெட்டிக்கு எப்படிப்பட்ட வாசல்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் வளவுகளில் பெட்டியில் வளர்ப்பது பொந்துத்தேனீ. மரப்பொந்து, புற்று, சுவர் இடுக்கு என்று இருட்டான இடத்தில் பல வதைகளை அடுக்காகக் கட்டும் நாட்டுத் தேனீ இது. அறிவியற்பெயர் ஏபிஸ் செரானா. கீழே உள்ள அளவுகள் எல்லாம் இந்தத் தேனீக்கும், வதை கட்டுவதற்கான மரச்சட்டம் ஏழு முதல் பத்து வரை கொள்ளும் பெட்டிக்கும் உரியவை. கொட்டாத சிறு தேனீயான கொசுத்தேனீக்கு வேறு அளவு. அது கடைசியில் இருக்கிறது.

இணையத்தில் காட்டும் அளவிலேயே வாசல் வெட்டலாமா?

வேண்டாம். அங்கே காட்டப்படுபவை பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீக்கான பெட்டிகள். அந்தத் தேனீ உடல் பெரியது, கூட்டமும் பல மடங்கு பெரியது. பெட்டியின் முழு அகலத்துக்கும் வாசலைத் திறந்து வைத்தாலும் காவல் நிற்க அதற்கு ஆள் உண்டு. எங்கள் தேனீக்கு அந்த ஆள்பலம் கிடையாது.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. ஐரோப்பியத் தேனீ மரப்பிசின் சேர்த்து வந்து, வாசல் பெரிதாக இருந்தால் தானே பூசிச் சிறிதாக்கிக்கொள்ளும். பொந்துத்தேனீ பிசின் சேர்ப்பதில்லை. நீங்கள் விட்ட ஓட்டை விட்டபடியே கிடக்கும். அதனால்தான் அது காட்டில் சிறிய வாய் உள்ள பொந்தாகப் பார்த்துக் குடியேறுகிறது. பெட்டியில் அந்தத் தெரிவை அதற்காக நீங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. வாசலின் அளவைக் கூட்டத்தின் பலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெட்டியின் பருமனைப் பார்த்து வெட்டினால் பெரிதாகிவிடும்.

சரி, எத்தனை மில்லிமீற்றர்?

உயரம் 7 அல்லது 8 மி.மீ. இதை மாற்ற வேண்டாம். ஆண் தேனீயும் ராணியும் தாராளமாகப் போய்வரும், சுமையோடு வரும் தேனீயும் உரசாமல் நுழையும். 10 மி.மீ.க்கு மேல் போனால் பருத்த உடம்புள்ள பூச்சிகள் உள்ளே வரத் தொடங்கும். 5 மி.மீ. ஆக்கினால் மகரந்த உருண்டை வாசலிலேயே உரசி விழும், செத்த ஆண் தேனீயை வெளியே இழுத்துப் போட முடியாமல் தேனீக்கள் திண்டாடும்.

மாற்ற வேண்டியது அகலம். புதிதாகப் பிடித்து வைத்த கூட்டம், அல்லது இரண்டு மூன்று வதையே மூடியிருக்கும் மெலிந்த கூட்டம் என்றால் 20 முதல் 30 மி.மீ. போதும். நான்கைந்து வதை நிறைந்தால் 50 மி.மீ. முழுப் பெட்டியும் நிறைந்து மேலே தேன் அறையும் ஏற்றிய பிறகு 80 முதல் 100 மி.மீ. அதற்கு மேல் தேவைப்படும் பொந்துத்தேனீக் கூட்டம் அரிது.

போதுமா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் கால் மணித்தியாலம் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மகரந்தத்தோடு வந்த தேனீக்கள் வாசலில் வரிசை கட்டிக் காத்து நின்றால் 20 மி.மீ. கூட்டலாம். வாசலின் ஒரு பாதியில் மட்டும் போக்குவரத்து நடந்து, மற்றப் பாதியில் காவல் தேனீயே இல்லையென்றால் அந்தப் பாதியை அடைத்துவிடுங்கள்.

நீட்டு வாசல் நல்லதா, வட்டத் துளைகள் நல்லதா?

இரண்டும் வேலை செய்யும். துளை என்றால் 8 மி.மீ. துளைப்பானால் நான்கைந்து போட்டு, கூட்டம் வளர வளர மரச் செருகியை ஒன்றொன்றாக எடுத்துவிடலாம். ஒவ்வொரு துளையையும் ஒரு தேனீ காக்க முடிவது இதன் பலம். ஆனால் துளை அடிப்பலகை மட்டத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். பலர் பலகை பிளக்கும் என்று பயந்து இரண்டு அங்குலம் மேலே துளைக்கிறார்கள். பிறகு செத்த தேனீயும் மெழுகுத் தூளும் அந்தப் படியைத் தாண்டி வெளியே வராமல் உள்ளே குவியும், அந்தக் குப்பையில் மெழுகுப் புழு பிறக்கும். மட்டத்தோடு துளைக்க முடியாவிட்டால் நீட்டு வாசலே செய்யுங்கள். துப்புரவாக்குவதும் அதில்தான் இலகு.

கூட்டிக் குறைக்கக்கூடிய வாசல் கட்டையை வீட்டில் செய்வது எப்படி?

பெட்டியின் முன்பக்கத்தில், அடிப்பலகைக்கும் முன் சுவருக்கும் இடையில் முழு அகலத்துக்கும் 20 மி.மீ. உயர இடைவெளி இருக்கட்டும். அதற்குள் இறுக்கமாகப் போய் உட்காரும்படி 20க்கு 20 மி.மீ. சதுரக் கட்டை ஒன்று சீவுங்கள். நீளம் பெட்டியின் உள் அகலம். வேம்பு, தேக்கு, பலா எதுவும் சரி. பச்சை மரம் வேண்டாம். காய்ந்ததும் சுருங்கிப் பக்கத்தில் நீக்கல் விழும்.

கட்டையின் ஒரு முகத்தில் 100 மி.மீ. நீளத்துக்கு 8 மி.மீ. ஆழத்தில், முன்னிருந்து பின்வரை ஊடுருவும்படி வெட்டுங்கள். அடுத்த முகத்தில் 30 மி.மீ. நீளத்துக்கு அதே ஆழம். எந்த முகம் அடிப்பலகையில் படுகிறதோ அந்த வெட்டு வாசலாகிவிடும். அகலத்தை மாற்ற வேண்டுமென்றால் கட்டையை இழுத்து ஒரு கால் சுற்று திருப்பிச் செருகினால் முடிந்தது.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. இரண்டு வெட்டையும் எதிரெதிர் முகத்தில் போட்டால் ஒன்று கீழே வாசலாக, மற்றது மேலே இன்னொரு வாசலாகத் திறந்துவிடும். அடுத்தடுத்த முகத்தில்தான் வெட்ட வேண்டும். இரண்டு வெட்டையும் கட்டையின் நடுவை ஒட்டியே வையுங்கள். திருப்பிய பிறகு வாசல் ஒரு மூலைக்கு ஓடிவிட்டால் வெளியே போயிருந்த தேனீக்கள் பழைய இடத்தில் மோதிக் கொஞ்ச நேரம் அலையும்.

கட்டையை ஆணி அடித்துப் பொருத்த வேண்டாம். வெளிமுகத்தில் ஒரு சிறு ஆணியைப் பாதி அடித்து வைத்தால் பிடித்து இழுக்கக் கைபிடியாகும். வெட்டின் உட்புறத்தில் பெயின்ற், வார்னிஷ் பூசாதீர்கள். கட்டையை மாற்றுவது பொழுதுபட்ட பிறகு. பகலில் இழுத்தால் நெரிபடும் ஒரு தேனீயின் கொடுக்கு வாசம் போதும், காவல் முழுவதும் கையில் ஏறிவிடும்.

வாசல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்?

தென்கிழக்கு. வன்னியின் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்கில் இருந்து வாடைக்காற்றோடு அடிக்கும். நேர்க் கிழக்கையோ வடக்கையோ பார்த்த வாசலுக்குள் சாரல் நேராகப் போகும். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து புழுதியோடு வீசும். மேற்கைப் பார்த்தால் பிற்பகல் வெயிலும் சேர்ந்து வாட்டும். மிஞ்சுவது தென்கிழக்குத்தான். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து உதிப்பதால், குளிர்ந்த காலைகளில் வெயில் வாசலில் நேரே விழுந்து தேனீக்கள் நேரத்தோடு எழும்பும்.

உங்கள் வளவில் அப்படி வைக்க இடமில்லையென்றால் கிழக்கைப் பார்க்க வைத்து, வடகிழக்குப் பக்கம் ஒரு கிடுகு மறைப்போ, பூவரச வேலியோ இருக்கும்படி பாருங்கள். திசையை விட மறைப்பு முக்கியம்.

முன்னுக்கு இறங்குபலகை வேண்டுமா?

தேனீக்குத் தேவையில்லை. பொந்தில் யாரும் பலகை அடித்துக் கொடுப்பதில்லை. உங்களுக்குத்தான் பயன்: வாசலில் என்ன நடக்கிறது, என்ன விழுந்து கிடக்கிறது என்று பார்க்கலாம். 4 அல்லது 5 செ.மீ. நீட்டினால் போதும், முன்னோக்கிச் சரிவாக. அரை அடிக்கு நீட்டிய பலகையில் இரவில் பல்லியும் பகலில் ஓணானும் சுகமாக உட்கார்ந்து தேனீயைப் பொறுக்கும்.

மழைக்கு வாசலுக்கு மேலே கூரை போடலாமா?

போட வேண்டும். பெட்டியின் மூடித் தகரத்தை முன்பக்கம் 10 செ.மீ. நீட்டி விடுவது எளிய வழி. அல்லது வாசலுக்கு ஒரு சாண் மேலே, பெட்டியின் முன் சுவரில் சரிவாக ஒரு பலகைத் துண்டு. அடிப்பலகையின் பின்பக்கத்துக்குக் கீழே 1 செ.மீ. ஆப்பு வைத்துப் பெட்டியை முன்னுக்குச் சரித்தால் உள்ளே போன தண்ணீர் தானாக வடியும்.

சரிக்கும்போது ஒன்று கவனியுங்கள். வதை எப்போதும் நேர் செங்குத்தாகவே தொங்கும். சட்டங்கள் வாசலில் இருந்து பின்னோக்கி நீளவாட்டில் இருந்தால் முன்சரிவால் கெடுதி இல்லை. வாசலுக்குக் குறுக்காக இருந்தால், சரிந்த சட்டத்தை விட்டு வதை விலகி அடுத்த சட்டத்தோடு ஒட்டிக் கட்டப்படும், பிறகு வெட்டாமல் எடுக்க முடியாது. குறுக்குச் சட்டப் பெட்டி என்றால் சரிக்காமல் மட்டமாக வைத்து, நீண்ட கூரை போடுங்கள்.

சித்திரை வெயிலில் தேனீக்கள் வாசலில் கொத்தாகத் தொங்குகின்றன. வாசலைப் பெரிதாக்கலாமா?

முதலில் நிழல். குஞ்சுகள் இருக்கும் வதையைத் தேனீக்கள் 33 முதல் 35 பாகை செல்சியஸில் வைத்திருக்கப் பார்க்கும். வெளியே அதைவிடச் சூடு ஏறியதும் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, வாசலில் நின்று விசிறும். பொந்துத்தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று காற்றை உள்ளே தள்ளும். உள்ளே தள்ளிய காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் விசிறி என்ன பயன்? அதனால் வாசலை அகலமாக்குவதை விட, மூடிக்குக் கீழே பின் சுவரில் 25 மி.மீ. துளை இரண்டு போட்டு உள்ளிருந்து நுளம்புக் கம்பிவலை அடிப்பது நல்ல பலன் தரும். வலை இல்லாத மேல் துளை இரண்டாவது வாசல் ஆகிவிடும், அங்கே காவல் இருக்காது.

தகர மூடி நேரே வெயிலில் கிடந்தால் வாசல் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. மெழுகு உருகுவது 62 பாகைக்கு மேலேதான் என்றாலும், 40ஐத் தாண்டினாலே தேன் நிறைந்த புது வதை இளகி அறுந்து விழும். மூடிக்கு மேலே கிடுகோ பனையோலையோ இரண்டு அடுக்குப் போடுங்கள். பெட்டிக்குப் பத்துப் பதினைந்து அடி தூரத்தில், மண் சட்டியில் கல் போட்டு நிழலில் தண்ணீர் வையுங்கள். மாமர நிழல் கிடைத்தால் அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம்.

இவ்வளவும் செய்து, கூட்டமும் பெட்டி நிறைய இருந்து, இன்னும் தொங்கினால் 100 மி.மீ. வரை திறந்து விடலாம். இரவு குளிர்ந்த பிறகும் தொங்கினால் அது வெப்பத்தால் அல்ல. உள்ளே இடமில்லை, அல்லது பிரிந்து பறக்கப் போகிறது. திறந்து ராணிக் கூடு, அதாவது புது ராணி வளரும் அறை, இருக்கிறதா பாருங்கள்.

பெரிய குளவி வாசலில் நின்று பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

வயிற்றின் முன்பாதியில் மஞ்சள் பட்டி போட்ட கறுத்த பெரிய குளவிதான் வன்னியில் முதல் எதிரி. பலமான கூட்டம் குளவியை வாசலுக்குள் இழுத்துப் பந்தாகச் சூழ்ந்து, உடம்புச் சூட்டாலேயே கொன்றுவிடும். அந்தப் பந்துக்குள் வெப்பம் 45 பாகைக்கு மேல் போகும். தேனீ தாங்கும், குளவி தாங்காது. மெலிந்த கூட்டத்தால் இது முடியாது. குளவி வந்து நின்றால் தேனீக்கள் வெளியே போவதையே நிறுத்திவிடும், சில நாளில் கூட்டம் பெட்டியை விட்டே ஓடிவிடும்.

குளவி வரும் காலத்தில் உயரத்தை 7 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள், அகலத்தை 30 மி.மீ. ஆக்குங்கள். இறங்குபலகை நீளமாக இருந்தால் வெட்டி எடுங்கள், ஏனென்றால் குளவிக்கு நின்று பிடிக்க அது மேடை. முதலில் வரும் ஒன்றிரண்டைக் கொல்வது பெரிய உதவி. அவை இடம் கண்டு திரும்பத் திரும்ப வரும். நுளம்பு அடிக்கும் மின்மட்டையால் பக்கவாட்டில் நின்று அடிக்கலாம். குளவிக் கூட்டைத் தேடிப் போய்த் தீ வைக்க வேண்டாம். காய்ந்த காலத்தில் ஒரு பொறி போதும், காடு பற்றும். கொட்டு வாங்கினால் உயிருக்கே ஆபத்து.

காலையில் பெட்டிக்குள் பெரிய அந்துப்பூச்சி ஒன்று செத்துக் கிடந்தது. அது எப்படி வந்தது?

முதுகில் மண்டையோடு போன்ற குறி இருந்தால் அது இரவில் தேன் திருட வரும் பூச்சி. பிடித்தால் கீச்சிடும். அதன் புழு எள்ளுச் செடி இலையைத் தின்று வளரும். எள்ளு விதைக்கும் ஊர்களில் இது அதிகம் தெரிவதற்குக் காரணம் அதுதான். ஒரு விரல் பருமன் உடம்பு, 8 மி.மீ. வாசலில் நுழையாது. உள்ளே கிடந்தால் வாசல் உயரமாக இருக்கிறது, அல்லது மூடியில் நீக்கல் இருக்கிறது.

மெழுகுப் புழுவை வாசலால் தடுக்கலாமா?

முழுதாகத் தடுக்க முடியாது. மெழுகு அந்து தேனீ நுழையும் இடத்தில் எல்லாம் நுழையும், இருட்டில் வரும். காவல் தேனீ மொய்க்கும் சிறிய வாசல் அதன் வரவைக் குறைக்கும், அவ்வளவுதான்.

பொந்துத்தேனீ பழைய கறுத்த வதையைக் கடித்துக் கீழே கொட்டும் பழக்கம் உள்ளது. அந்தத் தூள் அடிப்பலகையிலும், வாசல் கட்டைக்குப் பின்புறத்திலும் சேரும். அந்து முட்டையிடுவது அங்கேதான். பத்து நாளுக்கு ஒருமுறை கட்டையை இழுத்து எடுத்து, தட்டையான தகட்டால் சுரண்டி, சுரண்டியதை நிலத்தில் கொட்டாமல் எரித்துவிடுங்கள். பெட்டிக்குக் கீழே கொட்டினால் புழு அங்கே வளர்ந்து திரும்ப ஏறும். தேனீக்கள் மூடாத வெறும் வதையை உள்ளே வைத்திருக்காதீர்கள். மெலிந்த கூட்டத்துக்கு இரண்டு வதை கூடுதலாகக் கொடுத்துவிட்டு வாசலைக் குறைத்துப் பயனில்லை.

எறும்பு?

வாசலில் தடுக்க வேண்டிய ஒன்றல்ல, காலில் தடுக்க வேண்டியது. நிலத்தில் இருந்து இரண்டரை அடி உயரத்தில் நான்கு கால் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் ரின்பால் பேணிக்குள் வைத்துக் கழிவு ஒயில் ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றினால் நுளம்பு பெருகும், டெங்கு வரும். பேணிக்கு மேலே சிரட்டை கவிழ்த்துக் காலில் பொருத்தினால் மழைத்தண்ணீர் நிரம்பி ஒயில் வழியாது, தேனீயும் விழாது. புல், கிளுவைக் கொப்பு, காய்ந்த ஓலை ஏதாவது ஒன்று பெட்டியைத் தொட்டாலும் முசுறு அதைப் பாலமாக்கும். முசுறு ஏறிய பெட்டியில் கூட்டம் ஓரிரு இரவுக்கு மேல் நிற்பது கடினம்.

இந்த உயரம் தேரைக்கும் போதுமானது. பெட்டி நிலத்தில் இருந்தால் தேரை ஒவ்வோர் இரவும் வாசலடியில் வந்து உட்காரும்.

ராணித் தடுப்பு வாசல் எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும்?

பணித் தேனீ போய்வரும், ராணி போக முடியாத இடைவெளி உள்ள தகடு அது. நாட்டுத் தேனீக்குக் கம்பி இடைவெளி மூன்றே முக்கால் மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தேனீக்கான தகடு 4 மி.மீ.க்கு மேலே, அதில் எங்கள் ராணி தாண்டிப் போய்விடும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாகப் பிடித்து வைத்த கூட்டம் ஓடாமல் இருக்க முதல் ஐந்து முதல் ஏழு நாள் போடலாம். அந்த நாட்களில் மாலையில் சீனிப்பாகு கொடுங்கள். புது வதை கட்டி, அதில் முட்டை தெரிந்ததும் தகட்டை எடுத்துவிடுங்கள். மறந்து விட்டால் ஆண் தேனீக்கள் வெளியே போக முடியாமல் தகட்டின் உள்ளே செத்து அடைத்துக்கொள்ளும், காற்றும் நின்றுவிடும்.

ஒருபோதும் போடக் கூடாத நேரம், கூட்டில் கன்னி ராணி இருக்கும் நேரம். கூட்டம் பிரிந்து போன பிறகோ, நீங்கள் பிரித்த பிறகோ பிறக்கும் ராணி வெளியே பறந்துதான் கூடிவர வேண்டும். தகடு இருந்தால் அவள் கூடாமலே கிடப்பாள், பிறகு இடும் முட்டை எல்லாம் ஆணாகவே பிறக்கும், கூட்டம் அழியும்.

தகடு போட்டும் கூட்டம் தினமும் வெளியே கொட்டித் திரும்பினால், அது ஓட நினைக்கும் காரணத்தைத் தேடுங்கள். பசி, எறும்பு, வெயில், புழு இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் பூட்டி வைப்பது கூட்டைப் பட்டினியில் கொல்வது.

ஒரு பெட்டித் தேனீ இன்னொரு பெட்டியில் தேன் திருடுகிறது. வாசலால் நிறுத்தலாமா?

பூ இல்லாத காலத்தில் இது வரும். வாசலில் கட்டிப்பிடித்துச் சண்டை, பெட்டி மூலைகளில் நீக்கல் தேடி மொய்ப்பது, வாசலடியில் மெழுகுத் துகள் இவைதான் அடையாளம். உடனே வாசலின் அகலத்தை 10 மி.மீ. ஆக்குங்கள், ஒரு தேனீ மட்டும் நுழையும்படி. நீக்கல்களை ஈரக் களிமண்ணால் பூசுங்கள். வாசலுக்கு முன்னால் ஈரச் சாக்கொன்றைத் தளர்வாகத் தொங்கவிட்டால் வீட்டுத் தேனீ சுற்றி வழி கண்டுபிடிக்கும், திருடவந்தவை குழம்பும். இரு பெட்டிகளுக்கும் இதைச் செய்ய வேண்டாம், திருட்டுக் கொடுக்கும் பெட்டிக்கு மட்டும்.

சீனிப்பாகு கொடுப்பது எப்போதும் பொழுதுபட்ட பிறகு, பெட்டிக்கு உள்ளே, ஒரு துளியும் வெளியே சிந்தாமல். திருட்டுத் தொடங்குவதே பெரும்பாலும் சிந்திய பாகில்தான்.

பெட்டியைத் திறக்காமல் வாசலைப் பார்த்தே என்ன அறியலாம்?

நிறைய. பெட்டியை அடிக்கடி திறந்தால் பொந்துத்தேனீ ஓடிவிடும் என்பதால் வாசலைப் படிக்கப் பழகுவது நல்லது. காலில் மகரந்தம் சுமந்து வேகமாக உள்ளே ஓடினால் குஞ்சு வளர்கிறது, ராணி நலம். மகரந்தமே வராமல், வாசலில் சோம்பி நடந்தால் ராணி இல்லையோ என்று பார்க்க வேண்டும்.

நடுவில் ஊசித்துளை போட்ட, சிறு தொப்பி போன்ற கடினமான மூடிகள் இறங்குபலகையில் விழுந்து கிடந்தால் அவை ஆண் தேனீ அறைகளின் மூடிகள். ஆண்கள் பிறக்கத் தொடங்கியாயிற்று, கூட்டம் பிரியும் காலம் நெருங்குகிறது, ராணிக் கூடு தேடுங்கள். தண்ணீர்ப் பை போல ஊதிய செத்த புழுக்களை இழுத்துப் போட்டால் அது பைக்குஞ்சு நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இந்த நாட்டுத் தேனீயை ஏராளமாக அழித்த வைரஸ் நோய் அது. மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் வதையை இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள், வாசலைக் குறையுங்கள், திருட்டு நடக்க விடாதீர்கள், விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்லுங்கள். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கிறது, அவர் வழியாக அங்கே கேட்கலாம்.

பக்கத்து வயலுக்கு மருந்தடிக்கப் போகிறார்கள். வாசலை அடைக்கலாமா?

முதலில் வயல்காரரோடு கதையுங்கள். நெற்பூ விரிவது காலையில், தேனீ அங்கே மகரந்தத்துக்குப் போவதும் அப்போதுதான். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு அடித்தால் இழப்பு பெரிதும் குறையும். அடைப்பதை விட இது நல்ல வழி.

அடைக்கத்தான் வேண்டுமென்றால் முதல் நாள் இரவு, எல்லாம் உள்ளே வந்த பிறகு, வாசலுக்கு நுளம்புக் கம்பிவலையை மடித்துச் செருகுங்கள். துணியும் பலகையும் வேண்டாம், காற்று நின்றுவிடும். மேலே வலையடித்த துளை இல்லாத பெட்டியை அடைக்கவே கூடாது. மூடிக்கு மேல் ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வைத்து, அன்று பொழுதுபட்டதும் திறந்துவிடுங்கள். அடைத்த பெட்டிக்குள் பயந்த தேனீக்கள் எழுப்பும் சூட்டாலேயே வதை விழுந்து ஒரு பகலில் கூட்டம் முழுதும் சாகும். மருந்தால் சாவதை விட அது விரைவு.

இரண்டு மூன்று பெட்டிகளை அருகருகே வைத்தால் தேனீ வாசல் மாறுமா?

மாறும். ஆறடி இடைவெளி விட்டு, வாசல்களைக் கொஞ்சம் வெவ்வேறு பக்கம் திருப்பி வையுங்கள். ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்கு வெள்ளை என்று வாசலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பூசலாம். சிவப்பு பூசிப் பயனில்லை, தேனீக்கு அது கறுப்பாகவே தெரியும். பறந்து கூடிவரும் ராணி வாசல் மாறினால் அவளைக் கொன்றுவிடுவார்கள் என்பதால், கன்னி ராணி உள்ள பெட்டிக்கு இந்த அடையாளம் மிக அவசியம்.

வளவில் பிள்ளைகள், ஆடு மாடு எல்லாம் உண்டு. வாசலை எப்படி வைப்பது?

வாசலுக்கு முன்னால் ஐந்தாறு அடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலான கிடுகு வேலி அல்லது பனையோலை மறைப்பு நிறுத்துங்கள். தேனீ அந்த உயரத்துக்கு எழும்பித்தான் போகும், பிறகு தலைக்கு மேலாகவே பறக்கும். கிணற்றடி, படலை, கொடியில் உடுப்புக் காயப்போடும் இடம் இவற்றை நோக்கி வாசல் இருக்கக் கூடாது. மாட்டை, ஆட்டைக் கயிற்றின் நீளம் பெட்டியை எட்டும்படி கட்டாதீர்கள். கட்டிய விலங்குக்கு ஓட முடியாது.

வாசலுக்கு நேரே மின்குமிழும் வேண்டாம். இரவில் வெளிச்சத்தைக் கண்டு தேனீக்கள் வெளியே வந்து சுற்றி விழுந்து சாகும், பாதையில் விழுந்ததை மிதித்துக் கொட்டும் வாங்குவோம். பார்க்க வேண்டுமென்றால் ரோச் வெளிச்சத்துக்குச் சிவப்புக் கடதாசி ஒட்டிப் பாருங்கள்.

காட்டோரக் காணியில் கரடி வருகிறது.

எந்த வாசலும் கரடியை நிறுத்தாது. பெட்டியை வீட்டோடு சேர்த்து, ஆள் நடமாட்டமும் நாயும் உள்ள பக்கம் வையுங்கள்.

கொசுத்தேனீப் பெட்டிக்கு எவ்வளவு வாசல்?

ஒரே ஒரு துளை, 8 முதல் 10 மி.மீ. அகலம். இதற்கு நீங்கள் கூட்டிக் குறைக்க வேண்டிய வேலையே இல்லை, ஏனென்றால் கொசுத்தேனீ மெழுகையும் பிசினையும் கலந்து தானே வாசற்குழல் கட்டித் தன் அளவுக்கு ஆக்கிக்கொள்ளும். சுவரில் இருந்தோ பொந்தில் இருந்தோ பெட்டிக்கு மாற்றும்போது பழைய குழலை உடையாமல் எடுத்துப் புதிய துளையின் வாயில் ஒட்டிவிடுங்கள். வெளியே போயிருந்த தேனீக்கள் அந்த வாசத்தைப் பிடித்து வந்து சேரும். பெட்டியும் பழைய வாசல் இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில் இரண்டு மூன்று கிழமை இருக்கட்டும். குழலின் வாயில் ஒட்டும் பிசினை அழுக்கென்று சுரண்டி விடாதீர்கள். எறும்பு அதில்தான் ஒட்டி நிற்கிறது.